குறுகியது எது?

1951இல் நியூயோர்க் ஜயன்ற்ஸ் பேஸ்போல் அணிக்காக ஆர்ட்டி வில்சன் ஆடியவை 19 ஆட்டங்கள். கணக்கில் வந்த 22 வாய்ப்புகளில் 4 முறையே அடித்துத் தளம் சேர்ந்தார். அவரது பெரும் லீக் வாழ்வு பற்றி நெடுங்காலம் பதிவேடு கூறியது இவ்வளவே.

ஆயினும், இரண்டாம் மூன்றாம் தளங்களின் இடைவெளியைக் காக்கும் இவ்வீரர், 1944 முதல் 1948 வரை அலபாமாவின் பேர்மிங்ஹாம் நகரக் கறுப்பின அணியில் பெரும்புகழ் பெற்றவர். நிறவெறி அடைத்திருந்த கதவு 1947இல்தான் சற்றுத் திறந்தது. வில்சன் உள்ளே நுழைகையில் வயது முப்பது.

1920 முதல் 1948 வரையான கறுப்பின லீக்குகளும் பெரும் லீக்குகளே என்று 2020இல் நிர்வாகம் ஏற்றது. ஏடு திருந்திற்று, இளமை திரும்புமா?

வாய்ப்பை மறுத்தவர்களே அளவுகோலையும் ஏந்தும் சமுதாயத்தில், ஒருவன் சாதித்ததை எண்ணுமுன் அவனுக்கு மறுக்கப்பட்டதை எண்ணுவதே நீதி.