கை வைத்தவன்

ஒரு காரியம் கெட்டுப்போனதும் கடைசியாக அதில் கை வைத்தவனைத் தேடுவது நமக்குச் சுபாவமாகிவிட்டது. இது அறிவின் செயலா, ஆத்திரத்தின் செயலா என்பதே என் கேள்வி. ஒரு மடிக்கணினியை முன்வைத்து இதைப் பேசுவது சிலருக்கு அற்பமாகப் படலாம். படட்டும்.

ஊரூர் ஒல்காட் குப்பம் முடிந்து பெசன்ட் நகர் தொடங்கும் தெருவில் குடியிருக்கிறேன். என் மடிக்கணினிக்கு எட்டு வயது. வைஃபை அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. குப்பத்தில் தகரக் கூரைக்கடியில் மேஜை போட்டு செல்போன் பழுது பார்க்கும் இளைஞன் ஒருவன், ரிச்சி தெருவிலிருந்து வேறு வைஃபை கார்டு வாங்கிவந்து மாற்றித் தந்தான். தீப்பெட்டியைவிடச் சின்னத் தகடு. இரண்டு ஆன்டெனா ஒயர்கள், ஒரே ஒரு திருகாணி. பத்து நிமிஷ வேலை. மறுநாள் நீலத் திரை வந்து கணினி விழுந்தது. அன்றிரவே இன்னொரு முறை. மூன்றாம் நாள் காலை, மீன் வாங்க வந்தவர்கள் காதில் விழும்படி அவனிடம் சொன்னேன்: "நீ கை வெச்சதிலேர்ந்துதான் இப்படி. அதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட நின்னதில்லை. ஏதோ டூப்ளிகேட்டை மாட்டி ஏமாத்திட்டே." கூலி பாக்கி இருந்தது; கொடுக்கவில்லை.

"நான் இன்னா சார் பண்ணேன்? பழைய கார்டு உங்ககிட்டதான் கீது. அத மாட்டிப் பாரு சார்" என்றான்.

என்னிடம் சாட்சியம் இல்லாமலில்லை. விழும்போது விண்டோஸ் ஒரு மரணக் குறிப்பு எழுதிவைக்கிறது. அதில் அந்தக் கார்டை ஓட்டும் டிரைவரின் பெயர் இருந்தது. பரிசோதனையும் செய்தேன். கார்டைக் கழற்றி வைத்தேன். இரண்டு நாள் கணினி நிற்காமல் ஓடிற்று. இதற்குமேல் என்ன வேண்டும்?

பி.ஏ. ஆங்கிலம் படித்தபோது ஹ்யூமின் பெயர் காதில் விழுந்ததோடு சரி. பிற்பாடு நானாகப் படித்தேன். ஒன்றன்பின் ஒன்று வருவதைத்தான் பார்க்கிறோம், இரண்டுக்குமான முடிச்சைப் போடுவது மனத்தின் பழக்கம் என்று 1748-ல் எழுதினார் அவர். ஆனால் என் விவகாரத்துக்கு நம் நையாயிகர்கள் இன்னும் கிட்டத்தில் இருக்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைப் பாட்டிகளே தள்ளிவிடுவார்கள். குயவனின் கழுதையைத் தள்ளுவது அவ்வளவு சுலபமல்ல. மண் சுமந்து வந்த கழுதை பானைக்கு முன்னால் நிச்சயமாக இருந்தது. ஆனாலும் பானைக்குக் காரணமல்ல. முன்னால் இருந்தும் காரணமாகாதவற்றை அந்யதாசித்தம் என்று பெயரிட்டுத் தனியாக ஒதுக்கினார்கள். அந்தச் சிரமத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

கார்டு இல்லாமலேயே மூன்றாம் நாள் கணினி மறுபடி விழுந்தது. அதன் பிறகுதான் யோசித்தேன். மரணக் குறிப்பு விழுந்தவனின் பெயரைத்தான் சொல்கிறது. குழி வெட்டியவனின் பெயரை அல்ல. நினைவகத்தில் ஓரிடம் அழுகியிருந்தால் அதை மிதிக்கிற எந்த நிரலும் விழும். ஓயாமல் நினைவகத்தின் வழியே தரவை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும் வைஃபை டிரைவர் அங்கே அகப்பட்டுக்கொள்வதில் அதிசயமில்லை. என் பரிசோதனையோ இன்னும் மோசம். கார்டைக் கழற்றியதும் இணையம் போயிற்று. இணையம் போனதும் நான் ஒரேயொரு எழுத்துப் பக்கத்தைத் தவிர எதையும் திறக்கவில்லை. நினைவகம் பெரும்பாலும் காலியாகக் கிடந்தது. அழுகிய இடத்துக்கு யாரும் போகவில்லை. ஒன்றை மாற்றியதாக நினைத்து இரண்டை மாற்றியிருக்கிறேன். பென் டிரைவிலிருந்து நினைவகச் சோதனையை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரையெங்கும் சிவப்பு வரிகள். இரண்டு நினைவகப் பட்டைகளில் ஒன்று கெட்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, அவன் கொடுத்த கார்டையே மறுபடி மாட்டினேன். இன்றுவரை ஓடுகிறது.

என்னை உலுக்கியது இதல்ல. கணினியின் நிகழ்வுப் பதிவேட்டைப் புரட்டியபோது, அவன் கை வைப்பதற்கு மூன்று வாரம் முன்பே இரண்டு நீலத் திரைகள் பதிவாகியிருந்தன. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு டிரைவரின் பெயர். எனக்கு ஞாபகமே இல்லை. பொத்தானை அழுத்திவிட்டுக் காபி போடப் போயிருப்பேன். குற்றம்சாட்ட அப்போது ஆள் இல்லாததால் அவை என் வரையில் சம்பவங்களாகவே ஆகவில்லை. "ஒரு தடவைகூட நின்னதில்லை" என்று நான் சொன்னபோது பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம்.

நண்பர் ஒருவர், கிடைத்த தடயங்களை வைத்து நியாயமாக ஊகித்தாய், ஊகம் தவறுவது ஒழுக்கக் குறைபாடல்ல என்கிறார். பாதிதான் ஒப்புக்கொள்வேன். சந்தேகம் என்ற அளவில் நியாயம். ஆனால் இதே வேலையைத் தி.நகரில் குளிரூட்டிய ஒரு சர்வீஸ் சென்டர் டோக்கன் கொடுத்துச் செய்திருந்தால்? அதே வரிசையில் அதே சம்பவங்கள், அதே குறிப்பு. மிஷின் பழசு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். இங்கே சந்தேகத்தைத் தீர்ப்பாக்கியது தகரக் கூரையும் 'இன்னா'வும்தான். எங்கள் குடியிருப்பில் சைக்கிள் காணாமல்போனால் முதல் பார்வை எந்தத் திசைக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். ஹ்யூம் சொன்ன மனப்பழக்கத்தில் தெருப்பெயரும் அடக்கம்.

வங்கியில் ஒரு தொகை யாருடையதென்று விளங்காவிட்டால் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம். சரியான தடயம் கிடைக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். அவசரப்பட்டு எவன் தலையிலும் பற்று எழுதமாட்டோம். ஐந்து ரூபாய்க்கும் இந்த மரியாதை உண்டு. பதினைந்து வருஷமாக இதைச் செய்துவரும் நான்தான் ஒரு பையனை மூன்றே நாளில் ஏமாற்றுக்காரன் என்று பதிந்தேன்.

நேற்று வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அவனிடம் போனேன். உச்சி வெயில், மணலில் நாய்கூட இல்லை. கூலியைக் கொடுத்தேன், நடந்ததைச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றேன். பணத்தை எண்ணாமல் டப்பாவில் போட்டுக்கொண்டான்.

"காலைல வந்து சொல்லியிருக்கலாம்ல சார்."

நேரத்தை நான் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் மீன் வாங்கக் கூட்டம் அதிகம். இன்று வெள்ளி.