பாத்திரமும் மழையும்

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதையை அன்னதானத்தின் பெருமைக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். பெற்றவள் தோட்டத்தில் போட்டுவிட்டுப் போன குழந்தை அவன். ஏழு நாள் ஒரு பசு பால் சுரந்து அவன் உயிரைக் காத்தது. வளர்ந்தபின் ஊரை விட்டு விரட்டப்பட்டு மதுரைக்கு வந்தான். வீடு வீடாகப் பிச்சை எடுத்து, கண் தெரியாதவர்க்கும் நடக்க முடியாதவர்க்கும் ஆதரவற்றவர்க்கும் போட்டுவிட்டு, மிஞ்சியதைத் தின்று, பிச்சை ஓட்டையே தலைக்கு வைத்துப் படுத்தான். சிந்தாதேவி இரங்கி, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கொடுத்தாள். இதுவரை எல்லாரும் சொல்கிறோம். அடுத்து நடப்பதைத்தான் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். வரம் தர வந்த இந்திரனை ஆபுத்திரன் சிரித்துத் திருப்பி அனுப்புகிறான். அந்த ஆத்திரத்தில் இந்திரன் பழிவாங்குகிறான். எப்படி? மழை பெய்யவைத்து. பன்னிரண்டு ஆண்டு காய்ந்து கிடந்த பாண்டிய நாடு விளைந்துவிடுகிறது. சோற்றுக்கு ஆள் வரவில்லை. பசித்தவர்கள் கூடிய அம்பலத்தில் சூதாடிகளும் வெட்டிப்பேச்சுக்காரர்களும் உட்கார்ந்துவிடுகிறார்கள். பாத்திரம் நிறைந்தபடி இருக்க, அதை ஏந்தியவன் ‘சாப்பிட யாராவது உண்டா’ என்று தேடி அலைகிறான்.

காப்பியம் இதைத் தேவனின் வஞ்சமாகக் காட்டுகிறது. எனக்கு இது அறத்தைப் பற்றித் தமிழில் எழுப்பப்பட்ட மிகக் கடினமான கேள்வியாகப் படுகிறது. தெய்வம் தந்த பாத்திரத்தால் ஆகாததை மழை செய்துவிட்டது. அப்படியானால் பசித்தவர் இருந்தால்தான் ஈகை பிழைக்குமா? பசியே வராமல் செய்வது ஈகையில் சேருமா, சேராதா? சேரும், அதுவே மேலான ஈகை என்பது என் கட்சி. ஆதரவற்ற குழந்தைகளின் இல்லம் ஒன்று தன் கீரையையும் காயையும் தானே விளைவித்துக்கொள்ள நிதி திரட்டும்போது, கேட்பவரும் கொடுப்பவரும் அறிந்தோ அறியாமலோ இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார்கள்.

இன்று இல்லங்களுக்கு நாம் கொடுக்கும் விதத்தைப் பாருங்கள். பல இடங்களில் ஒரு விலைப்பட்டியல் இருக்கும்: காலைச் சிற்றுண்டிக்கு இவ்வளவு, மதியச் சாப்பாட்டுக்கு இவ்வளவு, வடை பாயசத்தோடு என்றால் இவ்வளவு. பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி என்று ஆள் வருவார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்குக் கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடிவிட்டுக் குழந்தைகள் கேசரியில் கை வைக்கும். தீபாவளியன்று நான்கு பேர் கொண்டுவந்த சாப்பாடு மீந்துபோகும். அடுத்த வாரம் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை சோறு, தண்ணீர்ச் சாம்பார், அப்பளம். கொடுப்பவரின் மனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஏற்பாட்டில் சாப்பாட்டு நாளைத் தீர்மானிப்பது குழந்தையின் வயிறு அல்ல, கொடுப்பவரின் காலண்டர்.

அதோடு, நம் ஊரில் பசியின் உருவம் மாறிவிட்டது. ரேஷன் அரிசி உள்ள தமிழ்நாட்டில் வயிறு நிறைவது பெரும்பாடு இல்லை. இருந்தும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் இரத்தசோகை. கேசரியால் தீராத பசி இது. 2016ஆம் ஆண்டின் இளைஞர் நீதி மாதிரி விதிகள் இல்லத்துக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் கீரையும் 130 கிராம் மற்றக் காயும் தரவேண்டும் என்கின்றன. 40 பேர் உள்ள இல்லம் என்றால் தினம் 4 கிலோ கீரை, 5 கிலோவுக்குச் சற்று மேல் காய். கடையில் வாங்கினால் மாதக் கடைசியில் முதலில் வெட்டு விழுவது இதில்தான். அரிசியைக் குறைத்தால் குழந்தைகள் கேட்பார்கள், கீரையைக் குறைத்தால் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்த 4 கிலோ, தண்ணீரும் எருவும் தட்டாமல் கிடைத்தால், ஐந்தாறு சென்ட் பாத்தியில் முறைவைத்து விதைத்து எடுக்கக்கூடியதே. சிறுகீரை இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வரும். பெரியகுளத்தில் உருவான செடிமுருங்கை ஆறு மாதத்தில் காய்க்கும். இலை அதற்கும் முன்பே. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போகும். சுற்றுச்சுவர் ஓரமாக நாலு பப்பாளி.

இது புதிய யோசனையும் அல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் விளக்கு எரிய நெய்யை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை, பலர் ஆடு கொடுத்தார்கள். ஒரு நந்தாவிளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு. அதை வாங்கிக்கொண்ட இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். கிழட்டு ஆடு செத்தாலும் குட்டி பிறந்து எண்ணிக்கை நிற்கும் என்பதால் அந்த மந்தைக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். உணவுச் சாலைகளுக்கு விட்ட நிலம் சாலாபோகம் எனப்பட்டது. விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலக் கல்லூரியில் 340 மாணவர்களுக்கு நிலத்தின் விளைச்சலிலிருந்தே நெல் அளந்தார்கள். (அந்தச் சோறு எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) இஸ்லாமியர் ‘சதக்கா ஜாரியா’ என்று, கொடுத்தவர் இறந்தபின்னும் ஓடிக்கொண்டிருக்கும் தருமத்தைத் தனியாகவே மதிக்கிறார்கள். விளைவதைக் கொடுப்பதைவிட விளையவைப்பதைக் கொடுப்பது நீடிக்கும் என்று நம் முன்னோருக்குக் கணக்கே தெரிந்திருந்தது.

‘இன்று பசிக்கிறவனிடம் முருங்கை காய்க்கட்டும் என்பீர்களா?’ என்று வள்ளலார் பக்கம் நின்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1867இல் வடலூர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை, அணையவும் கூடாது. ஆனால் அந்த வடலூர்ப் பெருவெளியே பார்வதிபுரத்து மக்கள் எழுதிக் கொடுத்த நிலம், சுமார் 80 காணி. அடுப்புக்கு அடியிலும் ஒரு மண் இருக்கிறது. தோட்டம் வந்ததும் சாப்பாட்டு நன்கொடையை நிறுத்தச் சொல்லும் எவரும் விவசாயம் அறியாதவர். 40 குழந்தைகளின் ஆண்டு அரிசிக்கு ஏக்கர்கணக்கில் நன்செய் வேண்டும், அது இந்த முயற்சியின் இலக்கும் இல்லை. தன்னிறைவு என்ற சொல்லை நிதி கேட்கும் நோட்டீஸில் போடாமல் இருப்பதே நேர்மை.

இதைவிடக் கூர்மையான எதிர்ப்பு ஒன்று உண்டு: அநாதைப் பிள்ளைகளை மண்வெட்டி பிடிக்கவைத்து அவர்கள் சோற்றுக்கு அவர்களையே உழைக்கவைப்பதா? சொந்த முயற்சியில் கிடைத்தால் கூழும் இனிது என்று வள்ளுவர் இரவச்சத்தில் சொன்னதைக் காட்டி இதற்குப் பதில் சொல்ல முயல்வார்கள். அது தவறு. அந்தக் குறள் பெரியவர்களுக்கானது. குழந்தை சாப்பாட்டைச் சம்பாதிக்கவேண்டியதில்லை. வீட்டுப் பிள்ளைக்கு இல்லாத கட்டாயம் இல்லத்துப் பிள்ளைக்கு வரக்கூடாது. ஆகவே திட்டத்தில் ஒரு தோட்டக்காரரின் சம்பளம் இருந்தே ஆகவேண்டும். பிள்ளைகள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றலாம், வெண்டைக்காய் பறிக்கலாம், சலித்தால் பந்து விளையாடப் போகலாம்.

இரப்பவரே இல்லாவிட்டால் உலகம் மரப்பாவை நடமாடுவது போல ஆகிவிடும் என்றும் அதே வள்ளுவர் சொல்லியிருக்கிறாரே என்பார்கள். உண்மை, கொடுக்கல் வாங்கலில்தான் மனித உறவு உயிரோடு இருக்கிறது. ஆனால் கேட்பதற்கு எப்போதும் ஏதாவது இருக்கும். கல்லூரிக் கட்டணம், கண்ணாடி, பதினெட்டு முடிந்து வெளியேறும் பிள்ளைக்குத் தங்க இடம். கீரைக்காகக் கையேந்துவது நின்றால் உறவு அறுந்துவிடாது, வேறு நல்ல இடத்துக்கு நகரும். ஆபுத்திரனும் சும்மா இருந்துவிடவில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான். வழியில் ஆளில்லாத மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோது, பலருக்கான பாத்திரத்தைத் தன் ஒரு வயிற்றுக்கு வைத்துக்கொள்ள மனமின்றி அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டான். தேவையில்லாத இடத்தில் பாத்திரத்தைக் கீழே வைக்கத் தெரிந்தவன் அவன்.

கொடுப்பவருக்கு இதில் ஓர் இழப்பு இருப்பதை மறைக்கவேண்டாம். சாப்பாடு போட்டால் இலை முன்னால் நின்று பார்க்கலாம். போர்வெல் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோனால் அதைச் சுற்றிக் கொடுக்கும் செலவுக்கோ, ஆடு புகாத கம்பிவேலிக்கோ, இரண்டு வண்டி எருவுக்கோ யாரும் தாத்தா பெயரில் பலகை வைப்பதில்லை. ஆனால் தோட்டங்கள் சாவது இவற்றால்தான்: முதல் வருடம் நாடா வெட்டித் திறந்து, இரண்டாம் வருடம் மோட்டார் நின்று, மூன்றாம் வருடம் பார்த்தீனியம். அந்தப் பழைய விளக்குக் கல்வெட்டுகள் பலவற்றில் ஆடு கொடுத்தவர் பெயரோடு, ஆட்டை ஏற்றுக்கொண்டு நெய் அளக்கக் கடமைப்பட்ட மன்றாடியின், அதாவது அந்த இடையரின், பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. நிதி கேட்டு வரும் நோட்டீஸில் நான் முதலில் தேடுவது அந்த இரண்டாவது பெயரைத்தான்.