பால் யாருக்காகச் சுரக்கிறது?

பாலுக்கு அறிவு கிடையாது. கன்றின் பசி அதற்குத் தெரியாது. இருந்தும் கன்று பிறந்த வேளையில் மடி நிறைந்துவிடுகிறது. ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை, 57ஆம் செய்யுளில் இதையே உவமையாக்குகிறது. அறிவில்லாத பால் கன்றை வளர்க்கச் சுரப்பதுபோல, அறிவில்லாத பிரகிருதி என்னும் மூல இயற்கையும் புருஷன் என்னும் ஆன்மாவின் விடுதலைக்காகத் தானே இயங்குகிறது. அதை நடத்த ஒரு ஈசன் வேண்டியதில்லை என்பது சாங்கியரின் துணிபு.

சங்கரர் இதற்கு உடன்படவில்லை. பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் அவர் இந்த உவமையையே பிடித்துக்கொள்கிறார். பால் தானாகவா வருகிறது? பசு அறிவுள்ள உயிர். கன்றின்மேல் அதற்கு அன்பு இருக்கிறது. அந்த அன்புதான் பாலைச் சுரக்க வைக்கிறது. கன்றும் முட்டிக் குடிக்கிறது. சடப்பொருள் அறிவின் துணையில்லாமல் ஒரு நோக்கத்தோடு செயல்படாது என்பது அவர் வாதம். தமிழில் அருணந்தி சிவாச்சாரியாரும் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், ஈசனை ஏற்காத இந்த நிரீச்சுர சாங்கியத்தை எடுத்து மறுத்திருக்கிறார்.

இந்த வழக்கில் இரு தரப்பும் விசாரிக்காத சாட்சி ஒன்று உண்டு. பசுவின் இரத்தத்தில் ஓடும் கால்சியம்தான் அது.

நல்ல கறவையுள்ள ஜெர்ஸி கலப்பினப் பசு கன்று ஈன்ற மறுநாள் பின்னங்கால் தள்ளாடிப் படுத்துவிடுவதைக் கால்நடை வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். கழுத்தை வளைத்துத் தலையை விலாப்பக்கம் வைத்துக்கொள்ளும். காதைத் தொட்டால் சில்லென்றிருக்கும். மூக்கு காய்ந்துபோயிருக்கும், சாணி போடாது. பால் சுரம் என்பார்கள். அப்படியே விட்டால் பெரும்பாலும் இறந்துவிடும். கால்நடை மருத்துவர் வந்து கழுத்து இரத்தக்குழாயில் கால்சியம் போரோகுளுக்கோனேட்டை மெதுவாக இறக்குவார். இடையிடையே நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம். பாட்டில் தீரும் தறுவாயில் பசு ஏப்பம் விடும், மூக்கில் ஈரம் துளிர்க்கும், உடம்பு நடுங்கும், சாணி போடும். பிறகு எழுந்தும் நிற்கும்.

காரணம் எளிய கணக்கு. பத்து கிலோ சீம்பாலில் ஏறத்தாழ 23 கிராம் கால்சியம் இருக்கிறது. பசுவின் இரத்தநீர் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருப்பதோ மூன்று கிராம் அளவுதான். ஒரு கறவையில் அதைப்போலப் பல மடங்கு வெளியே போகிறது. எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் அந்தப் பள்ளத்தை நிரப்ப உடல் தயாராகும் முன்பே மடி இழுத்துக்கொள்கிறது. கால்சியம் ஏற்றும் முறை வருவதற்கு முன்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மடிக்குள் காற்றை அடைத்து ஐரோப்பியர்கள் இந்த நோயைக் குணப்படுத்தினார்கள். மடி புடைத்ததும் சுரப்பு நிற்கும், இரத்தத்தில் கால்சியம் தங்கும், பசு பிழைத்துக்கொள்ளும்.

சங்கரரின் வாதம் இங்கேதான் தடுமாறுகிறது. தாய் உயிருக்குப் போராடும்போதும் மடி இழுப்பதை நிறுத்துவதில்லை. தாய் செத்தால் கன்றுக்கும் கதியில்லை என்பதை அறிந்த அறிவு எதுவும் அங்கே காவலுக்கு நிற்கவில்லை.

அதற்காகச் சாங்கியம் வென்றுவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. மனிதனின் கழுத்தில், தைராய்டின் பின்புறம், அரிசி மணியளவில் பாராதைராய்டு என்னும் நான்கு சுரப்பிகள் உண்டு. ஸ்வீடனின் இவார் சாண்ட்ஸ்ட்ரோம் 1880இல் அவற்றை மனித உடலில் விவரித்தார். அவற்றின் வேலை தெரியாத அந்தக் காலத்தில் தைராய்டை முழுதாக அகற்றிய நோயாளிகள் சிலருக்கு விரல்கள் விறைத்து மடங்கின, வலிப்பு வந்தது. பாராதைராய்டை இழந்த விலங்குகளுக்குக் கால்சியம் கொடுத்தால் அந்த விறைப்பு அடங்குகிறது என்று 1909இல் மெக்கல்லமும் வோக்ட்லினும் காட்டினார்கள். அந்தச் செல்களின் மேற்பரப்பில் கால்சியத்தை உணரும் ஏற்பி இருப்பது 1993இல் தெரியவந்தது. 100 மில்லி இரத்தநீரில் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கவேண்டிய கால்சியம் சற்றுக் குறைந்தாலும் ஏற்பி அதை உணர்ந்துவிடும். உடனே ஹார்மோன் புறப்படுகிறது. சிறுநீரகம் கால்சியத்தை வெளியேவிடாமல் பிடிக்கிறது. வைட்டமின் டியைச் செயல்வடிவுக்கு மாற்றிக் குடலின் வழியே கூடுதலாகச் சேர்க்கிறது. எலும்பு தன்னையே கரைத்துக் கொடுக்கிறது. பாலூட்டும் தாயின் எலும்பு அடர்த்தி சில மாதங்களில் மூன்று முதல் ஐந்து சதவீதம் வரை குறைந்து, பால் மறந்தபின் பெரும்பாலும் மீண்டுவிடுகிறது.

அளவு குறைவதை உணர்ந்து, மூன்று உறுப்புகளை வேலைக்கு ஏவி, அளவு சரியானதும் தானே ஓயும் ஒன்றைச் சடம் என்று சொல்ல மனம் வருமா? ஈசுவரகிருஷ்ணரின் பாலுக்கு இத்தனை உணர்வு கிடையாது. இந்தச் சுரப்பியில் உணர்தல் இருக்கிறது, ஆனால் உணர்கிறவர் யாரும் இல்லை. இந்த இடைநிலைக்கு இரண்டு தரப்பிலும் இடம் ஒதுக்கப்படவில்லை.

இன்னொரு பக்கத்தில் சாங்கியத்தின் பார்வை வியக்கத்தக்கது. கால்சியம் குறைந்த மனிதருக்கு உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு வரும். அதோடு காரணமில்லாத பதற்றம், எரிச்சல், சிலருக்குச் சித்தக் குழப்பமும் வரும். பாதை எதிர்த்திசையிலும் உண்டு. பயத்தில் ஒருவர் வேகமாக மூச்சு வாங்கினால் இரத்தத்தின் காரத்தன்மை ஏறி, தனித்து உலவும் கால்சியம் குறைந்து, விரல்கள் விறைக்கும். மனம் உப்பை மாற்றுகிறது, உப்பு மனத்தை மாற்றுகிறது. உயிரும் மனமும் ஒன்றே என்று நினைப்பவருக்கு இது அதிர்ச்சி. சாங்கியருக்கு இதில் ஒன்றுமில்லை. புத்தி, அகங்காரம், மனம் மூன்றையும் அவர்கள் முன்பே பிரகிருதியின் பக்கம் சேர்த்துவிட்டார்கள். புருஷன் வெறும் சாட்சி.

ஆனால் அந்தப் பசுவின் முன் நிற்பவர் வெறும் சாட்சியாக இருந்துவிட முடியாது. இன்றைய கறவைப் பசு தரும் பாலில் ஒரு பங்குதான் கன்றுக்கு வேண்டும். மீதியை மடியில் வைத்தது பிரகிருதியும் இல்லை, தாயன்பும் இல்லை. பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்த மனிதத் திட்டம். அறிவில்லாமல் நோக்கம் இராது என்ற சங்கரரின் விதி இந்த இடத்தில் அப்படியே பொருந்துகிறது. அந்த அறிவு மனிதனுடையது என்பதால் பசு படுத்துவிட்டால் பொறுப்பும் அவனுடையதே.

அன்பும் இங்கே வழி தவறுவதுண்டு. சினைப்பசுவுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று கடைசி வாரங்களில் கால்சியம் டானிக்கை வாங்கி ஊற்றுகிறார்கள். வெளியிலிருந்து தாராளமாக வந்துகொண்டிருந்தால் கழுத்துச் சுரப்பிக்கு வேலை குறைகிறது. எலும்பிலிருந்து எடுக்கும் வழியும் மந்தமாகிவிடுகிறது. ஈன்ற அன்று திடீரென்று தேவை ஏறும்போது உடல் விழித்துக்கொள்ளப் பிந்திவிடும். அதனால்தான் ஈனும் வரை தீவனத்தில் கால்சியத்தை மட்டாக வைத்து, ஈன்ற பிறகு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.