கேளாமல் எடுத்த கல்

நல்ல காரியத்துக்காக ஒருவருடைய பொருளை அவரைக் கேளாமலே எடுத்துக்கொள்ளலாமா? கேட்டவுடனே 'கூடாது' என்று சொல்லிவிடத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் அந்தக் காரியத்தால் ஆயிரமாயிரம் பேருடைய வயல் விளையும், எத்தனையோ பேருடைய தாகம் தீரும் என்று தெரிந்தால், அந்தக் 'கூடாது' சற்றே தயங்குகிறது. எடுக்கப்பட்டது கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு பழம்பொருள்தான் என்றால் தயக்கம் இன்னும் கூடிவிடுகிறது.

நானும் என் மனைவியும் சோழநாட்டுப் பக்கம் காரில் மூன்று நாள் சுற்றிவந்தபோது, இந்தக் கேள்வி எங்களோடு மூன்றாவது ஆளாக வண்டியில் ஏறிக்கொண்டது. பிள்ளைகள் தத்தம் குடும்பத்தைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு, வருஷத்துக்கு ஒரு தடவை இப்படிப் புறப்படுவது எங்கள் வழக்கம். திட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு பழைய கோயில், ஓர் ஆற்றங்கரை, இரண்டுக்கும் நடுவே நிழலான சாலை, இவை போதும். கோயில் எனக்கு, ஆறும் வயலும் அவளுக்கு.

அன்று காலையில் சேத்தியாத்தோப்பைக் கடந்து வீராணம் ஏரிக்கரையோடு வந்தோம். ஐப்பசியின் கடைசி நாட்கள். ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். மறுபக்கம் தலையெடுத்து நிற்கும் சம்பாப் பயிர். வண்டியை நிறுத்தச் சொல்லி, கால்மணி நேரம் ஒன்றும் பேசாமல் கரைமேல் நின்றாள் அவள்.

பிற்பகலில் கங்கைகொண்ட சோழபுரம். கங்கைக்கரை வரை படை அனுப்பி வென்றதன் நினைவாக முதலாம் இராசேந்திரன் அமைத்த தலைநகரம். ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் ஆட்சி இங்கிருந்து நடந்தது. இன்று அது ஒரு கிராமம். அரண்மனை இருந்த இடத்தில் மாளிகைமேடு என்ற பெயரும், தோண்டியெடுத்த செங்கற் சுவர்களின் அடிப்பகுதியும் மிஞ்சியிருக்கின்றன. கோயில் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. தஞ்சை விமானத்தின் 216 அடி உயரம் இதற்கு இல்லை. சுமார் 180 அடிதான். ஆனால் அங்கே நேராக ஏறும் கோடு இங்கே மெல்ல வளைந்து ஏறுகிறது. 2004-இல் இதையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் யுனெஸ்கோ சேர்த்துக்கொண்டது.

இத்தனை பெரிய கோயிலுக்கு ஏற்ற மதில் எங்கே என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். அது சில மைல் தெற்கே கொள்ளிடத்தில் இருக்கிறது. 1836-இல் அணைக்கரையில் கீழணை கட்டியபோது, கல் தேவைப்பட்டது என்று இந்த மதிலின் பெரும்பகுதியைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள்.

"எவ்வளவு பெரிய பாவம்!" என்றேன் நான்.

"அந்த அணைத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டாள் அவள்.

"வடவாறு வழியாக வீராணத்துக்கு."

"வீராணத்திலிருந்துதானே சென்னைக்குக் குடிநீர் வருகிறது?"

உண்மைதான். 2004 முதல் 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் குழாயில் பயணம் செய்து அந்தத் தண்ணீர் நகரத்துக்கு வருகிறது.

"அப்படியானால், பாவம் என்று சொல்கிற வாய்தான் அந்தத் தண்ணீரையும் குடிக்கிறது" என்றாள்.

அப்போது நாங்கள் வடபுற வாசலருகே, சண்டேசுவரருக்குச் சிவபெருமான் அருள்புரியும் சிற்பத்தின் முன் நின்றிருந்தோம். கைகூப்பி அமர்ந்திருக்கும் அடியாரின் தலையில் இறைவன் தம் கையாலேயே மாலையைச் சுற்றுகிறார். பெரிய புராணக் கதை வாசகர்களுக்குத் தெரியும். மண்ணியாற்றங்கரையில் ஊராருடைய பசுக்களை மேய்த்த சிறுவன், மணலில் இலிங்கம் செய்து அந்தப் பசுக்களின் பாலால் நீராட்டினான். தடுத்துப் பாற்குடத்தை உதைத்த தந்தையின் காலையே வெட்டினான்.

"ஊரார் மாட்டுப் பாலை எடுத்துச் சாமிக்குக் கொடுத்த பிள்ளைக்கு மாலை சூட்டுகிறாரே இந்தச் சாமி! மனிதர்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று தம்முடைய மதிலை எடுத்தால், வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்?"

அவள் கட்சிக்கு இராசேந்திரனும் சாட்சி சொல்வான். அவன் இங்கே வெட்டிய சோழகங்கம் என்ற பேரேரியை, கங்கை நீராலான வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. கல்லில் தூண் நாட்டக்கூடியவன் தண்ணீரில் நாட்டினான்.

நான் பதில் சொல்லவில்லை. அணைக்கரைக்கு வந்து, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, மதகுகளில் தண்ணீர் இரைந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பேசினேன்.

"சாமி கொடுத்திருப்பார் என்கிறாய். இருக்கலாம். ஆனால் யாரும் கேட்கவில்லையே!"

கேட்காதது மட்டுமல்ல. 1855-இல் வெளியான தென்னிந்தியக் கெசட்டியர் இந்தச் செய்தியை வெட்கத்தோடு பதிந்திருக்கிறது. அவ்வூர் எளிய மக்கள் தங்கள் கோயிலை இடிக்க வேண்டாம் என்று முடிந்தவரை தடுத்துப் பார்த்தார்கள், தடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். எடுத்த கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக ஒரு வாக்குறுதி மட்டும் கிடைத்தது. அந்த வாக்குறுதி நிறைவேற்றப்படவே இல்லை என்றும் அந்த நூலே சொல்கிறது.

நம் வீடுகளில் நடக்கிற ஒரு சமாசாரத்தை எண்ணிப் பாருங்கள். மகனுடைய படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். தாய் தன் கைவளையலைக் கழற்றிக் கொடுக்கிறாள். அது தியாகம். அதே வளையலை, அதே படிப்புக்காக, அவளுக்குத் தெரியாமல் பெட்டியிலிருந்து எடுத்து அடகு வைத்தால்? பணமும் அதேதான், பையன் படிப்பதும் அதேதான். ஆனால் அவள் கொடுக்கவில்லை, அவளிடமிருந்து போய்விட்டது. அவள் கேட்டால் கொடுத்திருப்பாள் என்பது உண்மையானால், கேளாமல் எடுத்தது இன்னும் பெரிய குற்றம். கொடுக்கும் பெருமையையும் சேர்த்தல்லவா திருடிக்கொண்டோம்!

"கேட்டு, அவர்கள் மாட்டோம் என்றால்? அணை கட்டாமல் விட்டுவிடுவதா?" என்றாள் அவள்.

நியாயமான கேள்வி. அணை வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கல்தான் வேண்டுமா? பாறை இருக்கும் ஊர்களிலிருந்து வெட்டிக் கொண்டுவரலாம். செலவும் காலமும் கூடும். பக்கத்திலேயே செதுக்கி அடுக்கித் தயாராக நின்றது கோயில் மதில். ஆகவே தராசின் ஒரு தட்டில் மதில் இருந்ததென்றால், மறு தட்டில் இருந்தது பெரும்பாலும் செலவுதான். தண்ணீரின் பெயரைச் சொல்லிக் கணக்குப் புத்தகம் ஜெயித்தது. பெரிய நன்மைகளின் பெயரால் நடக்கிற அநியாயங்களில் பலவற்றை உரித்துப் பார்த்தால் உள்ளே இப்படி ஒரு சிறு சிக்கனம் இருப்பதைக் காணலாம்.

"அப்படியானால் இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்கிறீர்களா?"

குடிக்கத்தான் வேண்டும். வயலும் விளையத்தான் வேண்டும். கொள்ளிடத்துத் தண்ணீர் எந்தப் பாவமும் அறியாது. 1836-இல் பிறந்திராத நாமும் குற்றவாளிகள் அல்ல. ஆனால் குற்றம் இல்லை என்பதால் கடனும் இல்லை என்று ஆகிவிடாது. தகப்பன் கேளாமல் எடுத்த வளையலில் படித்த மகன் திருடன் அல்ல. என்றாலும் தாயின் வெறுங்கையைப் பார்க்கும்போது அவனுக்கு ஒரு கடமை இருக்கிறது.

அந்தக் கடனை எங்கே அடைப்பது? அந்த ஊர் மக்கள் இன்று இல்லை. ஆனால் அவர்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் வந்த அகலச் சாலையின் ஓரத்தில், பாதி அறுக்கப்பட்டுத் திண்ணையை இழந்து நிற்கும் வீடுகளைப் பார்த்தோம். அந்தச் சாலையால்தான் எங்கள் பிரயாணம் சுகமாக இருந்தது. சாலைக்கும் சுரங்கத்துக்கும் அணைக்கும் இடம் கொடுக்கிறவர்களை நாம் முதலில் கேட்டோமா, கேட்டபின் சொன்ன செங்கல் மதிலைக் கட்டிக் கொடுத்தோமா என்று விசாரிப்பதுதான் நம்மால் ஆகக்கூடியது. அவர்கள் தடுத்தால், நாட்டு நன்மைக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்று அவசரப்பட்டுச் சொல்லாமல், எதைக் காப்பதற்காகத் தடுக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நன்மை பெறுகிறவர்கள் இந்த அளவாவது சிரமப்படுவது நியாயம்.