விபத்து என்று சொல்வது யார்?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்தால் மறுநாள் நாளிதழில் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் இருக்கும். எதிர்பாராதவிதமாக உராய்வு ஏற்பட்டதாம், வெடி விபத்து நேர்ந்ததாம். ஊரையும் இறந்தவர்களின் பெயரையும் மாற்றிப் போட்டால் போதும். படிக்கும்போதெல்லாம் ‘எதிர்பாராதவிதமாக’ என்ற இடத்தில் என் கண் நின்றுவிடுகிறது. யார் எதிர்பார்க்கவில்லை?

சம்பத்து, ஆபத்து, விபத்து மூன்றும் வடமொழியில் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். நல்லபடியாக வந்து கூடுவது சம்பத்து. கெட்டுச் சரிவது விபத்து. அந்த நாளில் குடும்பம் நொடித்துப் போவதும், பொருள் அழிவதும், உயிர் போவதும் எல்லாமே விபத்துதான். பஸ்ஸும் லாரியும் ஆலையும் பெருகிய பிறகு மோதல், தீ, வெடி என்று அதன் பொருள் சுருங்கிவிட்டது. பொருள் மாறினாலும் பழைய வாடை மட்டும் போகவில்லை. ‘நேரம் சரியில்லை’, ‘கண்டம் இருந்திருக்கு’ என்று நாம் சொல்வதெல்லாம் அந்த வாடைதான். வறட்சியும் வெள்ளமும்போல இதுவும் மேலிருந்து வந்து விழுந்தது என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

ஆனால் பட்டாசு அறைக்குள் நடப்பது மேலிருந்து விழுவதல்ல. மருந்துக் கலவையை அன்றன்றைக்குத் தீர்த்துவிட வேண்டும். மீந்து நீர்த்துப் போன மருந்து தானாகவே சூடேறி வெடிக்கக்கூடும் என்பது அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். ஓர் அறையில் இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. தீபாவளி ஆர்டர் நெருங்கினால் அந்தக் கணக்கு கலைகிறது. மரத்தடியிலும் வேலை நடக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்தவர் போட்ட காசை எடுக்க அவசரப்படுகிறார். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உராய்வு கடைசி நொடியில் நடந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் நடந்தவைதான் அந்த நொடியைக் கொண்டுவந்து நிறுத்தின.

இப்படி மகளைப் பறிகொடுத்த ஒரு துக்க வீட்டில் உட்கார்ந்திருந்தேன். “காய்ச்சலா இருக்குன்னு சொன்னா, நான்தான் சம்பளம் போயிருமேன்னு அனுப்பி வச்சேன்” என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த வயதான பெண்மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் கையில என்ன தாயி இருக்கு, விதி” என்றார். அந்த நேரத்தில் அந்த வார்த்தை எவ்வளவு பெரிய கருணை! தாங்க முடியாத பழியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டவரிடமிருந்து அதை இறக்கி வைத்தது.

அதே வார்த்தையை, கணக்கை மீறி ஆட்களை உட்கார வைத்தவரும் சொல்கிறார். இங்கேதான் நீதி தலைகீழாகிறது. குற்றமற்ற தாய் தன்னைக் குற்றவாளி என்கிறார். பதில் சொல்ல வேண்டியவர் விதி என்கிறார், விபத்து என்கிறார்.

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற மருத்துவ இதழ் 2001இல் தன் பக்கங்களில் ‘விபத்து’ என்பதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லை இனிப் புழங்குவதில்லை என்று அறிவித்தது. காயங்களில் பெரும்பாலானவை முன்கூட்டியே கணிக்கக்கூடியவை, தடுக்கக்கூடியவை என்பது அவர்கள் வாதம். நம் சாலைகளைப் பார்த்தாலே அது விளங்கும். 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். 17,884 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் நடக்கும் ஒன்றை எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது?

கேள்வி கேட்டால் நிலைமை மாறும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். வகுப்பறைக்கு ஏன் கீற்றுக்கூரை என்று மாநிலமே கேட்டது. அதன் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக்கொட்டகைகள் அகற்றப்பட்டன. விதி என்று விட்டிருந்தால் அவை அப்படியே நின்றிருக்கும்.

‘விபத்து’ என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. உடைந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் அதைத் தாராளமாகச் சொல்வோம். அது அவர்களுக்குச் சேர வேண்டிய ஆறுதல். பொறுப்பில் இருப்பவர் அதைச் சொல்லும்போது மட்டும் தலையாட்டிவிட்டு நகராதீர்கள். எத்தனை பேர் வேலை செய்தார்கள், யார் சோதனைக்கு வந்தார்கள், சென்ற முறை எழுதிய அறிக்கை என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.