மஹாராஜரைக் கொண்டே அழைப்பித்தது

பெரியாழ்வார் திருவரங்கப் பதிகத்தில், ஸ்ரீவிபீஷணாழ்வானுக்காக இலங்கையை நோக்கிக் கடாக்ஷித்தருளும் அரங்கனைப் பாடுகிறார். அந்தக் கடாக்ஷம் அன்று கடற்கரையில் எளிதாக வாய்த்ததன்று என்பதை நாம் நினைக்கவேண்டும்.

மஹாராஜரான ஸுக்ரீவர், வந்தவன் கொல்லத்தக்கவன் என்றார். அங்கதன், சரபன், ஜாம்பவான், மைந்தன் ஆகியோரும் ஐயுற்றனர். ஏற்கலாம் என்றவர் திருவடி ஒருவரே. பெருமாளோ நாடு துறந்து நிற்பவர். படை முழுதும் மஹாராஜருடையது. அவர் முகம் வாடினால் பிராட்டியை மீட்பது எங்ஙனே? ஆயினும், சரணம் என்றவனைக் கைவிடேன் என்னும் விரதத்தைப் பெருமாள் தளர்த்தவில்லை. தலைகளை எண்ணித் தீர்மானம் எழுதும் சபைகளையே கண்டு பழகிய நமக்கு இது வியப்புத்தான்.

நாம் அதனினும் ஈடுபடுவது, மறுத்தவரைப் பெருமாள் நடத்திய விதத்தில். சாஸ்திரம் கற்றுப் பெரியோரைப் பணிந்தவரே இவ்வாறு பேசவல்லர் என்று மஹாராஜரைக் கொண்டாடினார். அவர் மீண்டும் தடுத்தபோதும் கோபிக்கவில்லை. தன் பேடையைப் பிடித்த வேடனுக்கும் விருந்திட்ட புறாவின் கதையைச் சொன்னார். முடிவில், வந்தவன் இராவணனேயாகிலும் அபயம் தந்தோம் என்று அருளி, அழைத்துவரும் கைங்கர்யத்தையும் மஹாராஜருக்கே அளித்தார். கொல்லவேண்டும் என்றிருந்தவர், இவன் இனி எங்களோடு ஒத்தவனாகுக, எங்கள் தோழனாகுக என்று மனமார இசைந்தார்.