பொருத்தமும் வனப்பும்: வேட்டைத் துவக்கொன்றை முன்வைத்துச் சில சிந்தனைகள்

அழகு யாது என்னும் வினாவுக்குக் கிரேக்கர் அளித்த விடைகளுள் மிக எளிமையானதும் மிகத் தொல்லை தருவதும் ஒன்றே: எது தன் தொழிலுக்குப் பொருந்துகின்றதோ அது அழகியது. பிளேற்றோவின் 'பெரிய ஹிப்பியாஸ்' என்னும் உரையாடலில் சோக்கிரதர் இரண்டு அகப்பைகளை எடுத்துக்காட்டுகின்றார். ஒன்று பொன்னாலானது, மற்றது அத்திமரத்தாலானது. மட்பானையிற் கொதிக்கும் பருப்புக் கூழைத் துழாவுவதற்கு எது ஏற்றது? பொன் அகப்பை பானையை உடைத்துவிடக் கூடும். அத்திமர அகப்பையோ கூழுக்கு நறுமணத்தையும் ஊட்டும். எனவே அத்திமர அகப்பையே பொன்னினும் அழகியது என ஒப்புக்கொள்ளும் இக்கட்டுக்கு ஹிப்பியாஸ் தள்ளப்படுகின்றார். செனொபோன் காட்டும் சோக்கிரதர் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றார். தொழிலுக்கேற்பச் செய்யப்பட்ட சாணக்கூடை அழகியது. அவ்வாறு செய்யப்படாத பொற்கேடயம் அழகற்றது என்பது அவர் துணிபு.

அகப்பையையும் கூடையையும் வைத்து இவ்வினாவை ஆராய்வது இலகு. அவற்றின் தொழில் குறித்து எவருக்கும் மனக்குறை இல்லை. தொழிலே ஐயத்துக்குரியதாய் அமைந்த ஒரு கருவியை எடுத்துக்கொள்ளும்போதே இக்கொள்கையின் வலுவும் வலுவின்மையும் புலப்படும். அத்தகைய கருவிகளுள் ஒன்று வேட்டைத் துவக்கு. அதிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்று இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நிறைவெய்திய செந்நெறி றைபிள்.

துவக்கு என்றதும் நம் மண்ணில் எவருக்கும் வேட்டை நினைவுக்கு வருவதில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் அச்சொல்லின் பொருளையே மாற்றிவிட்டது. இந்நிலையில் ஒரு துவக்கை அழகியதென்று கூறுவது பலருக்கு உறுத்தலாகவே இருக்கும். அவ்வுறுத்தலைப் புறந்தள்ளி மெய்யியல் பேச நான் விரும்பவில்லை. உண்மையில் இக்கட்டுரைக்குக் காரணமே அவ்வுறுத்தல்தான். இதனை எழுதுபவன் வேட்டைக்காரனும் அல்லன்.

முதலிற் கருவியை நோக்குவோம். 1898 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஒபெர்ண்டோர்வ் நகரிற் பவுல் மௌசர் நிறைவுறுத்திய இயந்திர அமைப்பே இவ்வகைத் துவக்குகளிற் பெரும்பாலானவற்றுக்கு மூலம். அதன் சிறப்பு ஒரு நீண்ட உருக்கு நகத்திலே தங்கியுள்ளது. தோட்டா அறையிலிருந்து மேலெழும்போதே அந்நகம் அதன் விளிம்பைப் பற்றிக்கொள்கின்றது. வெடித்த கோது வெளியே வீசப்படும்வரை பிடியை விடுவதில்லை. பதற்றத்தில் ஒருவன் பாதி இழுத்து மீண்டும் தள்ளினாலும் இரண்டாவது தோட்டா முதலாவதன்மேல் முட்டி இயந்திரம் சிக்கிக்கொள்வதில்லை. பாய்ந்து வரும் விலங்கின்முன் நிற்பவனுக்கு இது எத்துணைப் பெரிய காரியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனி மரம். கட்டைக்கு வோல்நட் மரமே பெரிதும் தெரிவு செய்யப்பட்டது. பாரமின்மை, உறுதி, அதிர்வில் எளிதிற் பிளவாமை ஆகிய மூன்றும் அதில் ஒருங்கே அமைகின்றன. ஆயின் ஒரு பலகையின் எல்லாப் பகுதியும் எல்லா இடத்துக்கும் ஆகாது. கை பற்றும் மெலிந்த கழுத்துப் பகுதியில் மரத்தின் இழை நேராக ஓட வேண்டும். இல்லையேல் உதைப்பின் விசையில் அவ்விடமே முறியும். தோளிற் பதியும் அகன்ற பின்பகுதியில் இழை சுழித்தும் புகைபோற் படர்ந்தும் அமையலாம். அங்கு வலுவுக்குக் குறைவில்லை. ஆகவே தேர்ந்த கைவினைஞன் ஒரே பலகையில் நேரிழை கழுத்துக்கும் சுழியிழை பின்பகுதிக்கும் விழுமாறு வரைந்து வெட்டுவான். பார்ப்பவர் அலங்காரம் என்று எண்ணுவது, அலங்காரம் எங்கே தீங்கின்றி இருக்கலாம் என்று அறிந்தவனின் முடிவாகும்.

இவ்வாறே பிடியின்மேற் குறுக்கும் நெடுக்குமாக வெட்டப்படும் நுண்கோடுகள். ஓர் அங்குலத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட கோடுகளை இழுத்து, கூர்நுனி கொண்ட சிறு சாய்சதுரங்களைக் கையாலே செதுக்குவர். மழையிலும் வியர்வையிலும் கை வழுக்காதிருப்பதற்காக ஏற்பட்டவை அவை. குழலின் கருநீலமும் பூச்சன்று. உருக்கைத் திட்டமிட்டே துருப்பிடிக்கச் செய்து, கொதிநீரில் அவித்து, தேய்த்தெடுத்து, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்து பெறுகின்ற நிறம் அது. துருவைக் கொண்டே துருவைத் தடுக்கும் இம்முறையில் வெயிலில் மின்னாத அடங்கிய ஒளியும் கிட்டுகின்றது. இன்னுமொன்று. வன்மையான தோட்டாக்களுக்குரிய துவக்குகளிலே தோள்வாரின் முன்வளையம் மரத்திலே பொருத்தப்படாது சற்று முன்னே குழலிற் பொருத்தப்படும். உதைக்கும்போது அது முன்கையைக் கிழித்துவிடாதிருப்பதற்காக. அறியாதவர் கண்ணுக்கு அது வடிவமைப்பின் ஒய்யாரமாகவே தோன்றும்.

எனினும் பொருத்தம் என்ற சொல்லுக்கு இத்துறையிற் சிறப்பான பொருளொன்று உண்டு. கருவி தொழிலுக்குப் பொருந்துவது ஒன்று. கருவி ஆளுக்குப் பொருந்துவது வேறொன்று. இலண்டனிற் பெயர்பெற்ற துவக்குச் செய்வோரிடம் செல்பவனைத் தையற்காரன்போல அளவெடுப்பர். விசையிலிருந்து கட்டையின் முடிவுவரை நீளம் எவ்வளவு. பலருக்கு அது பதின்மூன்றரை முதற் பதினான்கு அங்குலம்வரை அமையும். கன்னம் பதியும் விளிம்பு எவ்வளவு தாழ வேண்டும், வலத்தோளில் வைத்துச் சுடுபவனாயின் கட்டை எத்தனை மில்லிமீற்றர் வலப்புறம் சாய வேண்டும் என்றெல்லாம் கணிப்பர். பொருந்தியதற்குச் சோதனை எளிது: கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் வைத்துப் பின்பு கண்ணைத் திறந்தால் குறி நேர்கோட்டில் நிற்க வேண்டும். தேடி எய்தாமல், தானாகவே வந்தமைய வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு வர்க்க உண்மையையும் மறைத்தல் தகாது. 1914 இல் மூண்ட உலகப்போரில் ஜெர்மானியப் படைவீரனின் தோளிலிருந்ததும் இதே மௌசர் இயந்திரமே. ஆயின் அவனுக்கு எவரும் அளவெடுக்கவில்லை. குட்டையனுக்கும் நெட்டையனுக்கும் ஒரே கட்டை. கனவான் கையில் துவக்கு மனிதனுக்குப் பொருந்தியது; அகழியில் மனிதன் துவக்குக்குப் பொருந்த நேர்ந்தது. நாம் வியக்கும் பொருத்தம் விலைகொடுத்துப் பெற்ற பொருத்தம்.

பொருத்தமே அழகு என்ற கொள்கையை எட்மன்ட் பேர்க் 1757 இல் வெளிவந்த தம் நூலிற் கடுமையாக மறுத்தார். நிலத்தைக் கிளறுவதற்குப் பன்றியின் மூக்கைப்போற் பொருத்தமானது வேறில்லை. அதனை அழகென்போமா என்பது அவர் கேள்வி. துவக்கிலும் இவ்வெதிர்ப்புக்கு இடமுண்டு. கண்ணாடியிழையாற் செய்த இன்றைய கட்டை ஈரத்தில் வளைவதில்லை, கோடையிற் சுருங்குவதில்லை, பாரமும் குறைவு. தொழிலுக்குப் பொருந்துவது ஒன்றே அளவுகோலாயின் அது வோல்நட்டை வென்றுவிட்டது. ஆயினும் அதனை அழகியதென்போர் அரிது. பழமைமீதுள்ள பற்றென்று இதனை ஒதுக்கலாமா?

1964 இல் அமெரிக்காவில் நிகழ்ந்ததொன்று இதற்கு விடைகாண உதவும். வின்செஸ்ரர் நிறுவனம் 1936 முதல் விற்றுவந்த 'மாதிரி 70' என்னும் றைபிளைச் செலவு குறைக்கும் நோக்குடன் அவ்வாண்டில் மாற்றியமைத்தது. தோட்டாவைப் பற்றும் நீண்ட நகம் நீக்கப்பட்டது. கையாற் செதுக்கிய கோடுகளுக்குப் பதிலாக அச்சினால் அழுத்திய கோடுகள் வந்தன. புதிய துவக்கு குறிதவறியது என்று கூறுவதற்கில்லை. இருந்தும் பாவனையாளர் அதனை வெறுத்தனர். 1964 க்கு முந்தியவற்றைத் தேடி வாங்கினர். பிற்காலத்தில், 1990களில், நிறுவனம் அந்நகத்தை மீண்டும் கொணர்ந்தது. இங்கு எனக்குச் சுவையாகத் தோன்றுவது அழுத்திய கோடுகளின் கதை. அச்சில் அழுத்தியமையால் சாய்சதுரங்கள் மேலெழாமல் உள்ளமிழ்ந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் செதுக்கியதுபோலவே இருக்கும். பற்றினால் பிடி கிட்டாது. அதாவது, செய்யாத ஒரு தொழிலைச் செய்வதாக அவ்வடிவம் பாவனை செய்தது. வாக்களித்து வழங்காத வடிவம் அது. கண்ணாடியிழை பொய் சொல்வதில்லை. ஆனால் அது ஒன்றுமே சொல்வதில்லை. வோல்நட் கட்டையிலோ, எது எதற்காக அவ்வாறு ஆயிற்று என்பதை வாசிக்க முடிகின்றது. பேர்க் சுட்டிய பன்றி மூக்குக்கும் இதற்கும் வேறுபாடு இதுவே: மூக்கில் எவருடைய தெரிவும் இல்லை. கைவினைப் பொருளில் நாம் காண்பது வெறும் பொருத்தத்தையன்று, பொருத்தத்தின்மேல் ஒருவன் செலுத்திய கவனத்தை.

ஆயின் எதன்பொருட்டு அக்கவனம்? ஓர் உயிரைக் கொல்வதன்பொருட்டு. 1790 இல் கான்ற் அழகை இருவகைப்படுத்தினார்: நோக்கம் எதனையும் சாராத கட்டற்ற அழகு ஒன்று; பொருள் இன்னதாக இருக்க வேண்டும் என்ற கருத்தைச் சார்ந்த அழகு மற்றொன்று. துவக்கின் வனப்பு இரண்டாவதே. ஆகையால் கொலையை மறந்துவிட்டு மரத்தின் சுழியை மட்டும் இரசிக்கிறேன் என்பவர் துவக்கை இரசிக்கவில்லை. ஒரு பலகையை இரசிக்கின்றார்.

கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இச்சிக்கலுக்குத் தெளிவான விடை வைத்திருந்தார். கொல்லும் வாளும் குணப்படுத்தும் அறுவைக் கத்தியும் செவ்வையாகச் செய்யப்பட்டிருப்பின், செய்பொருள் என்ற முறையில் ஒன்றைவிட மற்றது அழகியதன்று என்பது அவர் கொள்கை. செய்தற் பிழை வேறு, அறப்பிழை வேறு. குமாரசுவாமியின் தெளிவு கவர்ச்சிமிக்கது. ஆயினும் அளவெடுத்துச் செய்யும் துவக்கின்முன் அது நிலைபெறவில்லை என்பேன். வாளைச் செய்தவன் அதனைச் சந்தையில் விற்றுவிட்டுக் கைகழுவலாம். இலண்டன் கைவினைஞனோ எந்த விலங்கு, எந்த நாடு, எவ்வளவு தூரம் என்று கேட்டுத் தெரிந்த பின்னரே உளியை எடுத்தான். நோக்கம் பொருளுக்குப் புறத்தே நிற்கவில்லை. குழலின் விட்டத்திலும் கட்டையின் தடிப்பிலும் அதுவே பதிந்துள்ளது.

அவ்வாறாயின் பொருளே பழிக்குரியதா? ஜோன் றிக்பி நிறுவனம் மௌசர் இயந்திரத்தைக் கொண்டு செய்த 0.275 அங்குல றைபிள் இருவர் கையில் இருந்தது. ஆபிரிக்காவில் டப்ளியூ. டீ. எம். பெல் என்பவர் யானை மண்டையோடுகளை அறுத்து மூளையின் இருப்பிடத்தைக் கற்று, பெரும்பாலும் அத்தகைய மெல்லிய துவக்குகளாலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளை வீழ்த்தினார். இந்தியாவில், 436 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் சம்பாவத் பெண்புலியை 1907 இல் வீழ்த்திய ஜிம் கோர்பெற்றுக்கு அதே வகைத் துவக்கே பரிசாக வழங்கப்பட்டது. ஒரே வடிவம், ஒரே பொருத்தம். துவக்கின் வடிவத்தில் எழுதப்பட்டிருப்பது ஒரு விலங்கு, ஒரு வெடி, நீளாத சாவு என்பதே. ஆயிரம் என்ற எண் அங்கில்லை. அது தந்தத்தின் விலையிலிருந்து வந்தது.

ஈழத்தின் அனுபவமும் இதனையே காட்டுகின்றது. 1845 இல் ஹப்புத்தளையில் இடிவீழ்ந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். 1848 க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு அரசு வெகுமதி வழங்கியதென எமேர்சன் ரெனன்ற் பதிவுசெய்துள்ளார். மௌசர் பிறக்குமுன், வாய்வழி மருந்திட்டு இடிக்கும் துவக்குகளால் நிகழ்ந்த அழிவு இது. அழகு அழிவை விளைவிக்கவில்லை. அழகின்மை அதனைத் தடுக்கவுமில்லை.

இவ்வாதம் துவக்கை விடுவித்துவிடுகின்றது என்று எவரும் மகிழ வேண்டா. நான் இதுவரை பொருத்தம் என்று கூறியதெல்லாம் சுடுபவனின் தோள், சுடுபவனின் கண், சுடுபவனின் கை ஆகியவற்றுக்கான பொருத்தமே. அம்முழு ஏற்பாட்டிலும் விலங்குக்கு இருந்த ஒரே இடம், அதன் இதயம் எங்கே உள்ளது என்ற கணிப்பு. கொல்லாமையைத் தலையாய அறமென்று கொள்பவர் அத்தோளின் பொருத்தத்தை மறுக்கத் தேவையில்லை. அப்பொருத்தத்தாற் கொலை ஒரு சிறிதும் நியாயமாவதில்லை என்று கூறினாற் போதும். செம்மை என்ற ஒரே சொல்லால் நேர்மையையும் அழகையும் சுட்டும் மொழி நம்முடையது. அவ்விரண்டும் எங்கும் சேர்ந்தே செல்லும் என்ற எதிர்பார்ப்பு அச்சொல்லிலேயே பொதிந்துள்ளது. இக்கருவியில் அவை பிரிகின்றன.

புறநானூற்றில் ஒளவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்வையிட்டபோது, பீலி அணிந்து நெய் பூசி மினுங்கிய வேல்களைப் புகழ்வதுபோற் பழித்தார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடந்தன என்றார். பயன்படாத படைக்கலத்தின் அழகு அவருக்கு நகைப்புக்குரியது. அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் இன்று கிடக்கும் றிக்பி துவக்கைப் பார்த்தால் அவர் அதே நகையைத்தான் நகைப்பார். அந்நகைப்பில் எனக்குப் பாதி உடன்பாடே உண்டு. தோளில் வைத்தாலன்றி அறியவொண்ணாத அதன் பொருத்தம் பேழைக்குள் புலப்படாது என்பது மெய். ஆனால் எவர் தோளிலும் ஏறாமல் அது அங்கேயே கிடப்பதில் எனக்கு வருத்தமில்லை.